மலையேறும் முன் டென்ஷனரைப் பாருங்கள்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வரை சாலை சமதளத்தில் ஓடுகிறது. இருபுறமும் கரும்பு, மக்காச்சோளம், மரவள்ளி. கோமுகி அணையை ஒட்டி மலை எழுகிறது. அங்கிருந்து கரியாலூர், வெள்ளிமலை என்று கல்வராயன் மலைக்குள் போகும் பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. இந்தப் பாதையில் பத்து, பதினைந்து வயதான வண்டிகள் இன்றும் உழைக்கின்றன. மலைக்கிராமத்துக்குச் சரக்கு ஏற்றும் பொலிரோ, சந்தைக்கு ஆள் ஏற்றும் சுமோ, மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் குடும்பங்களைக் கூட்டிப்போகும் இன்னோவா எல்லாம் இதில் அடக்கம்.

இப்படி ஒரு வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகும்போது 'கீச்' என்று இரண்டு நொடி கத்துகிறது. பிறகு சத்தம் அடங்கிவிடுகிறது. ஓட்டுநர் பட்டறையில் சொல்கிறார், புது பெல்ட் போடுகிறார்கள். ஒரு மாதம் அமைதி. பிறகு அதே கீச். மறுபடியும் ஒரு பெல்ட். கோளாறு பெல்ட்டில் இல்லை, பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரில் இருக்கிறது என்பது தெரிவதற்குள் இரண்டு பெல்ட்டின் விலையும் ஒரு நாள் வாடகையும் போயிருக்கும்.

டென்ஷனர் தேய்ந்திருப்பதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. காது, கண், ஒரு டார்ச் விளக்கு, ஒரு ஸ்பேனர், தண்ணீர் தெளிக்கும் பாட்டில் ஆகியவை போதும். எந்த வரிசையில் பார்ப்பது, எதைப் பார்த்தால் என்ன முடிவுக்கு வருவது என்பதை இந்த அத்தியாயம் சொல்கிறது.

பெல்ட்டும் டென்ஷனரும் செய்யும் வேலை

எஞ்சினின் முன்பக்கம் கீழே இருக்கும் பெரிய சக்கரம் கிராங்க் புல்லி. எஞ்சின் சுழலும்போது அதுவும் சுழல்கிறது. அதன் சுழற்சியை எடுத்துப்போய் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், ஏசி கம்ப்ரஷர், பவர் ஸ்டியரிங் பம்ப் ஆகியவற்றைச் சுழற்றுவது டிரைவ் பெல்ட். ஆல்டர்னேட்டரை நம் ஊரில் இன்றும் டைனமோ என்றும், இந்தப் பெல்ட்டை ஃபேன் பெல்ட் என்றும் சொல்பவர்கள் அதிகம்.

பழைய வண்டிகளில் ஒன்றிரண்டு உறுப்புகளுக்கு ஒன்று என்று தனித்தனி வி வடிவப் பெல்ட்கள் இருந்தன. அம்பாசிடர், மாருதி 800, குவாலிஸ் ஆகியவை அந்தக் காலத்து அமைப்பு. எல்லாவற்றையும் சுற்றிவரும் ஒரே அகலமான பெல்ட் 1979 ஃபோர்டு மஸ்டாங் காரில் அறிமுகமாகி, பிறகு உலகெங்கும் பரவியது. இதன் உள்பக்கத்தில் நீளவாக்கில் வரிவரியாகப் பள்ளங்கள் இருக்கும். கடைக்காரர்கள் இதைப் பாலி-வி பெல்ட் என்பார்கள்.

தனித்தனிப் பெல்ட் இருந்தபோது ஒன்று தளர்ந்தால் ஒன்றிரண்டு உறுப்புகள்தான் பாதிக்கப்பட்டன. ஒரே பெல்ட் வந்தபிறகு அது தளர்ந்தால் எல்லாமே தளர்கின்றன. அதனால்தான் பெல்ட்டின் இறுக்கத்தைத் தானாகவே சரியாக வைத்துக்கொள்ளும் டென்ஷனர் முக்கியமாயிற்று.

டென்ஷனரில் ஐந்து பகுதிகள் உண்டு. எஞ்சின் மேல் போல்ட் போட்டு இறுக்கப்பட்ட அடிப்பாகம், அதன் மேல் அசையும் கை, உள்ளே சுருண்டிருக்கும் ஸ்பிரிங், கையின் முனையில் பெல்ட்டை அழுத்தும் புல்லி, கை துள்ளாமல் தடுக்கும் உராய்வுப் புஷ். சில வண்டிகளில் உராய்வுப் புஷ்ஷின் வேலையை எண்ணெய் நிரம்பிய சிறிய டேம்பர் செய்யும். வீட்டுக் கதவைப் பட்டென்று சாத்தவிடாமல் மெதுவாக மூடவைக்கும் டோர் குளோசர் செய்யும் வேலைதான் அது.

இந்தப் பகுதிகள் எவ்வளவு உழைக்கின்றன என்பதற்கு ஒரு கணக்கு. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிபொருள் எரிகிறது. ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால், நொடிக்கு சுமார் 27 முறை கிராங்க் புல்லி ஒரு உந்துதலை வாங்கி அதைப் பெல்ட்டுக்குக் கடத்துகிறது. ஒவ்வொரு உந்துதலையும் டென்ஷனரின் கை வாங்கி அடக்க வேண்டும். டீசல் எஞ்சினில் இந்த உந்துதல் இன்னும் முரட்டுத்தனமானது. கிராங்க் புல்லி 150 மி.மீ. விட்டமும் டென்ஷனர் புல்லி 70 மி.மீ. விட்டமும் இருந்தால், எஞ்சின் 2500 சுற்றில் ஓடும்போது அந்தச் சின்னப் புல்லி நிமிடத்துக்கு 5,350 சுற்றுக்கு மேல் சுழல்கிறது. லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் ஸ்பிரிங் தளர்வதும், புஷ் தேய்வதும், பேரிங்கில் கிரீஸ் வற்றுவதும் இயல்பு.

உங்கள் வண்டியில் எந்த அமைப்பு?

சோதனைக்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று வகை உண்டு.

முதல் வகையில் தனி டென்ஷனரே கிடையாது. ஆல்டர்னேட்டரின் போல்ட்டைத் தளர்த்தி, அதை வெளியே இழுத்து, மறுபடி இறுக்குவார்கள். மாருதி 800, அம்பாசிடர் இந்த வகை. இரண்டாவது வகையில் ஒரு சின்னப் புல்லி இருக்கும். அதை நீளமான ஒரு திருகை முடுக்கி நகர்த்தலாம். இந்த இரண்டிலும் இறுக்கத்தைக் கையால்தான் வைக்க வேண்டும். இரண்டு புல்லிகளுக்கு நடுவே பெல்ட்டைக் கட்டைவிரலால் பலமாக அழுத்தினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இறங்க வேண்டும் என்பது பொதுவான அளவு. அந்தந்த வண்டியின் கையேடு சொல்லும் அளவு வேறாக இருந்தால் அதுவே சரி.

மூன்றாவது வகை தானியங்கி டென்ஷனர். டொயோட்டா இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசல், மஹிந்திரா ஸ்கார்ப்பியோவின் எம்-ஹாக் ஆகியவற்றில் இருப்பது இதுதான். இந்த அத்தியாயத்தின் சோதனைகள் பெரும்பாலும் மூன்றாவது வகைக்கானவை. புல்லி, பேரிங் பற்றிய பகுதிகள் மூன்று வகைக்கும் பொருந்தும்.

ஒரு எச்சரிக்கை. டைமிங் பெல்ட் டென்ஷனர் என்பது வேறு. டைமிங் பெல்ட் எஞ்சினின் முன்மூடிக்குள் மறைந்திருக்கும். அதற்குப் பற்கள் உண்டு. இண்டிகா டீசலிலும் இன்னோவா டீசலிலும் அப்படி ஒன்று இருக்கிறது. அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே கெட்டுப்போகலாம். பேனட்டைத் திறந்ததும் கண்ணுக்குத் தெரியும் வெளிப்பெல்ட்டைப் பற்றியது இந்த அத்தியாயம். கடையில் பார்ட்ஸ் கேட்கும்போதும் 'ஃபேன் பெல்ட் டென்ஷனர்' என்று தெளிவாகச் சொல்லுங்கள். 'டென்ஷனர்' என்று மட்டும் கேட்டால் டைமிங் டென்ஷனரை எடுத்துத் தரக்கூடும்.

மலைப்பாதை ஏன் கோளாறைக் காட்டிக்கொடுக்கிறது

சேலம், உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது தளர்ந்த டென்ஷனர் பெரும்பாலும் சத்தம் போடாது. எஞ்சின் சீராகச் சுழல்கிறது, முன்னாலிருந்து காற்று அடிக்கிறது, ஸ்டியரிங் நேராக நிற்கிறது. பெல்ட்டுக்குச் சுமை குறைவு.

கொண்டை ஊசி வளைவில் எல்லாச் சுமையும் ஒரே நேரத்தில் வந்து சேர்கிறது. முதல் அல்லது இரண்டாம் கியர். எஞ்சின் குறைந்த சுற்றில் முழு பலத்தோடு இழுக்கிறது. அப்போது உந்துதல்கள் மிக முரடாக இருக்கும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடிப்பதால் பவர் ஸ்டியரிங் பம்ப் பெல்ட்டைப் பலமாகப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது. ஏசி ஓடுகிறது. மழைக்காலமானால் ஹெட்லைட்டும் வைப்பரும் சேர்ந்துகொள்ள, ஆல்டர்னேட்டரும் கனக்கிறது. நல்ல டென்ஷனர் இதைத் தாங்கும். தேய்ந்த டென்ஷனரில் பெல்ட் வழுக்கும்.

இதோடு ஊரின் தூசியும் சேர்கிறது. அறுவடைக் காலத்தில் சாலையிலேயே தானியம் காயவைப்பதும், கரும்பு லாரிகள் கிளப்பும் மண்ணும் இந்த வட்டாரத்தில் வழக்கம். பதரும் மண்ணும் பெல்ட்டின் பள்ளங்களில் அடைகின்றன. புல்லி பேரிங்கின் ரப்பர் மூடி பழசாகியிருந்தால் உள்ளேயும் புகுகின்றன. வடகிழக்குப் பருவமழைக்காலத்தில் அதே இடத்தில் சேறும் தண்ணீரும் ஏறும்.

மலையேறும் முன் டென்ஷனரைப் பார்க்க இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பல பழைய டீசல் வண்டிகளில் பிரேக்குக்கு உதவும் வேக்கம் பம்ப், ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. பெல்ட் நின்றால் ஆல்டர்னேட்டர் நிற்கும். வேக்கம் பம்பும் நிற்கும். பிரேக் மிதி கல்லாகிவிடும். உங்கள் வண்டி அப்படியா என்று பார்ப்பது எளிது. ஆல்டர்னேட்டரின் பின்னாலிருந்து ஒரு தடித்த குழாய் பிரேக் பூஸ்டரை நோக்கிப் போகிறதா, எண்ணெய்க் குழாய் ஒன்று வந்து சேர்கிறதா என்று கவனியுங்கள். இரண்டும் இருந்தால், மலையிறங்கும்போது உங்கள் பிரேக்கின் பலம் அந்த ஒரு பெல்ட்டைத்தான் நம்பியிருக்கிறது.

முதல் சோதனை: காது

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பேனட்டைத் திறந்துவைத்து, வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நான்கு விதமான சத்தங்களைப் பிரித்து அறிய வேண்டும்.

நீண்ட 'கீச்' வந்தால் பெல்ட் வழுக்குகிறது. ஏசியைப் போட்டதும், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்ததும் இது கூடினால் இறுக்கம் போதவில்லை என்று பொருள். இதற்கு டென்ஷனர் ஸ்பிரிங், தேய்ந்த பெல்ட், எண்ணெய் பட்ட பெல்ட் ஆகிய மூன்றில் ஒன்று காரணம்.

'கிச் கிச் கிச்' என்று குருவி கத்துவதுபோல விட்டுவிட்டு வந்தால் பெல்ட் ஏதோ ஒரு புல்லியில் நேராக ஓடவில்லை. டென்ஷனர் கையின் புஷ் தேய்ந்து புல்லி சாய்ந்திருந்தாலும் இந்தச் சத்தம் வரும்.

'கட கட' என்று ஐட்லிங்கில் உலோகம் தட்டும் சத்தம் வந்து, ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தியதும் மறைந்தால், டென்ஷனரின் கை துள்ளி அதன் தடுப்பில் மோதுகிறது. டீசல் எஞ்சினின் இயல்பான சத்தத்தோடு கலந்துவிடுவதால் இதைப் பலர் கவனிப்பதில்லை.

'கர்ர்' என்று தொடர்ந்து அரைக்கும் சத்தம் பேரிங்கிலிருந்து வருகிறது. எஞ்சின் வேகம் கூடினால் இதுவும் கூடும்.

வழுக்கலா, கோணலா என்பதில் சந்தேகம் இருந்தால் தண்ணீர்ச் சோதனை உதவும். எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது, பெல்ட்டின் வரிப்பள்ளம் உள்ள பக்கத்தில் பாட்டிலால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் சில நொடி அடங்கி மறுபடி வந்தால் புல்லி கோணல். சத்தம் உடனே அதிகமானால் இறுக்கம் குறைவு. கை, துண்டு, வேட்டி நுனி, தாலிச்சரடு, தொங்கும் அடையாள அட்டை எதுவும் பெல்ட் அருகே போகக்கூடாது. ஓடும் பெல்ட்டில் விரல் மாட்டினால் மிஞ்சாது.

இரண்டாவது சோதனை: கண்

எஞ்சின் ஐட்லிங்கிலேயே இருக்கட்டும். டார்ச்சை டென்ஷனர் கையின் மேல் அடியுங்கள். நல்ல டென்ஷனரின் கை லேசாக, சீராக நடுங்கும். அது இயல்பு. கை மில்லிமீட்டர் கணக்கில் முன்னும் பின்னும் துள்ளினால், அல்லது திடீர் திடீரென்று எகிறினால் உள்ளே துள்ளலை அடக்கும் புஷ் தேய்ந்துவிட்டது. ஏசியைப் போட்டு, பிறகு நிறுத்திப் பாருங்கள். கம்ப்ரஷர் பிடிக்கும் நொடியில் கை ஒருமுறை நகர்ந்து அமைதியடைந்தால் நல்லது. தொடர்ந்து ஆடினால் கெட்டது.

கை துளியும் அசையாமல் மரம்போல் நின்றாலும் சந்தேகப்படுங்கள். துரு பிடித்து இறுகிய டென்ஷனர் பெல்ட் நீளும்போது பின்தொடராது.

இப்போது எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிடுங்கள். பல டென்ஷனர்களில் அடிப்பாகத்தில் இரண்டு கோடுகளும், கையில் ஒரு முள்ளும் வார்க்கப்பட்டிருக்கும். முள் இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்க வேண்டும். வெளியே போயிருந்தால் பெல்ட் நீண்டுவிட்டது, அல்லது தவறான நீளத்துப் பெல்ட் போடப்பட்டிருக்கிறது. பெல்ட்டின் வெளிப்புறத்தில் அச்சிட்ட எண்ணைப் படியுங்கள். '6பிகே1555' என்றால் ஆறு வரி, பிகே வகை, 1555 மி.மீ. நீளம். பிகே வகையில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் 3.56 மி.மீ. இடைவெளி, ஆகவே ஆறு வரிப் பெல்ட் சுமார் 21 மி.மீ. அகலம் இருக்கும். 'கிட்டத்தட்ட இதே அளவு' என்று கடையில் தரும் பெல்ட் பத்துப் பதினைந்து மில்லிமீட்டர் நீளமாக இருந்தால்கூட டென்ஷனர் தன் எல்லையின் ஓரத்தில் நின்று வேலை செய்யும்.

அடுத்து சுற்றுப்புறத்தைப் பாருங்கள். டென்ஷனர் கையும் அடிப்பாகமும் சேரும் இடத்தில் செம்பழுப்பு நிறப் பொடி படிந்திருந்தால் உள்ளே உலோகம் உலோகத்தோடு உரசுகிறது. புல்லியின் நடுவிலிருந்து கருப்பாகக் கிரீஸ் கசிந்து வட்டமாகத் தெறித்திருந்தால் பேரிங் மூடி போய்விட்டது. எண்ணெய் டேம்பர் உள்ள வகையில் அதன் ரப்பர் உறை நனைந்திருந்தால் டேம்பர் முடிந்தது. பெல்ட் புல்லியின் நடுவில் ஓடாமல் ஓரத்தில் ஓடிய தடம் தெரிந்தால், அல்லது பெல்ட்டின் ஒரு விளிம்பில் மட்டும் நூல் பிரிந்தால், புல்லி சாய்ந்திருக்கிறது.

பெல்ட்டைப் பார்க்கும்போது ஒரு விஷயம் நினைவிருக்கட்டும். பழைய நியோப்ரீன் ரப்பர் பெல்ட் தேயும்போது குறுக்கே வெடிப்பு விடும், பார்த்தாலே தெரியும். இப்போது வரும் ஈ.பி.டி.எம். ரப்பர் பெல்ட் அப்படி எளிதில் வெடிக்காது. அதன் வரிகள் மெல்ல மெல்லத் தேய்ந்து பள்ளம் அகலமாகும். வெடிப்பு இல்லை என்பதால் பெல்ட் நல்லது என்று முடிவு கட்டக்கூடாது. புதுப் பெல்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பள்ளத்தின் வடிவத்தை ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும்.

மூன்றாவது சோதனை: கை

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுவது பாதுகாப்பு. பெல்ட் எந்தப் புல்லிக்கு மேலே, எதற்குக் கீழே போகிறது என்பதைக் கைபேசியில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பாலி-வி பெல்ட்டைத் தவறான வழியில் மாட்டினால் வாட்டர் பம்ப் எதிர்ப்பக்கம் சுழலக்கூடும்.

டென்ஷனர் கையில் ஸ்பேனர் போட ஒரு போல்ட் தலையோ, ராட்செட் நுழையச் சதுரத் துளையோ இருக்கும். நீளமான கைப்பிடி போட்டு, பெல்ட் தளரும் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். நல்ல டென்ஷனர் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே அளவான, பலமான எதிர்ப்பைத் தரும். விட்டதும் நிதானமாகத் திரும்பி வரும். நடுவில் சிக்கினாலோ, படிப்படியாகத் துள்ளினாலோ, நறநறத்தாலோ மாற்ற வேண்டியதுதான். எதிர்ப்பே இல்லாமல் லேசாகத் திரும்பினால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. திருப்பிய கையைச் சட்டென்று விட்டுவிடாதீர்கள். ஸ்பிரிங் அடித்து விரல் நசுங்கும், புஷ்ஷும் கெடும்.

பெல்ட்டைக் கழற்றியபின் டென்ஷனர் புல்லியை விரலால் சுண்டிவிடுங்கள். கிரீஸ் உள்ள நல்ல பேரிங் சத்தமில்லாமல் சுழன்று விரைவில் நின்றுவிடும். கிரீஸ் வற்றிய பேரிங் 'விர்ர்' என்று நீண்ட நேரம் சுழலும். நன்றாகச் சுற்றுகிறதே என்று மகிழ வேண்டாம்; அது கெட்டதற்கான அடையாளம். பிறகு புல்லியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் புல்லியில் இருந்தால் பேரிங் கோளாறு. கையோடு சேர்ந்து ஆடினால் கையின் புஷ் கோளாறு. இந்த இரண்டையும் பிரித்து அறிந்துவிட்டால் செலவு எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும்.

பெல்ட் கழன்றிருக்கும் இந்த நேரத்தை வீணாக்கக் கூடாது. ஐட்லர் (பெல்ட்டின் பாதையைத் திருப்பிவிட மட்டும் இருக்கும் புல்லி), வாட்டர் பம்ப், பவர் ஸ்டியரிங் பம்ப், கம்ப்ரஷர் புல்லி ஒவ்வொன்றையும் கையால் சுழற்றி ஆட்டிப் பாருங்கள். நீளமான நேர்ச்சட்டம் ஒன்றைப் புல்லிகளின் முகத்தில் வைத்து ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள்.

டென்ஷனரைக் கெடுக்கும் மற்றவை

டென்ஷனர் தேய்ந்திருப்பதைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அது ஏன் சீக்கிரம் தேய்ந்தது என்பது மீதி.

முதல் சந்தேகம் ஆல்டர்னேட்டர் புல்லி. பல டீசல் வண்டிகளில் இதற்குள் ஒருவழிக் கிளட்ச் இருக்கும். எஞ்சின் வேகம் குறையும்போது ஆல்டர்னேட்டர் தன் வேகத்தில் சுழலட்டும் என்று பெல்ட்டை விடுவிப்பது அதன் வேலை. அது இறுகிப்போனால் அத்தனை உதறலும் டென்ஷனர் கைக்கு வந்துவிடும். ஆல்டர்னேட்டரின் உள்சுழலியை அசையாமல் பிடித்துக்கொண்டு புல்லியை இரண்டு பக்கமும் திருப்புங்கள். ஒரு பக்கம் வழுக்கி, மறுபக்கம் பிடித்தால் நல்லது. இரண்டு பக்கமும் பிடித்தாலும், இரண்டு பக்கமும் வழுக்கினாலும் கெட்டது. புது டென்ஷனர் போட்டும் சில மாதங்களில் கை துள்ளத் தொடங்கினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

இரண்டாவது, கிராங்க் புல்லி. அதன் உள்வட்டத்துக்கும் வெளிவட்டத்துக்கும் நடுவே அதிர்வைத் தாங்கும் ரப்பர் வளையம் உண்டு. அது பிய்ந்தால் வெளிவட்டம் கோணலாகச் சுழலும். எஞ்சின் ஓடும்போது எட்ட நின்று பார்த்தால் புல்லி நெளிவது கண்ணுக்குத் தெரியும்.

மூன்றாவது, கசிவு. பவர் ஸ்டியரிங் எண்ணெயோ எஞ்சின் ஆயிலோ கூலண்ட்டோ சொட்டுச் சொட்டாகப் பெல்ட்டில் விழுந்தால் புது டென்ஷனரும் வழுக்கலை நிறுத்தாது. கசிவை அடைத்த பிறகே புதுப் பெல்ட் போட வேண்டும்.

கத்தும் பெல்ட்டில் சோப்புக் கட்டியைத் தேய்ப்பது, பெல்ட் ஸ்பிரே அடிப்பது இரண்டும் வழக்கத்தில் இருக்கின்றன. இவை சத்தத்தைச் சில நாள் மறைக்கும், வழுக்கலை நீக்காது. ஒட்டும் பசையில் மண் சேர்ந்து பெல்ட்டையும் புல்லியையும் அரைக்கும். எச்சரிக்கும் சத்தத்தை அடக்கிவிட்டு மலையேறுவது எல்லாவற்றிலும் ஆபத்தானது.

மாற்றும்போது

பேரிங் மட்டும் போயிருந்து, கையும் ஸ்பிரிங்கும் உறுதியாக இருந்தால் பேரிங்கை மட்டும் மாற்றலாம். பல புல்லிகளில் 6203 என்ற எண்ணுள்ள பேரிங் இருக்கும். உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, தடிமன் 12 மி.மீ. கள்ளக்குறிச்சிபோன்ற ஊரில் எந்தப் பேரிங் கடையிலும் கேட்டு வாங்கக்கூடிய அளவு இது. இருபுறமும் ரப்பர் மூடி உள்ளதாக, நல்ல கம்பெனிப் பேரிங்காக வாங்குங்கள். பழைய பேரிங்கின் எண்ணைப் படித்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும். பிளாஸ்டிக் புல்லியில் பேரிங்கை அடித்து ஏற்றினால் புல்லி விரிசல் விடும். அதற்குப் புல்லியோடு சேர்ந்த பேரிங்கை வாங்குவதே நல்லது.

கை துள்ளினால், புஷ் ஆடினால், ஸ்பிரிங் தளர்ந்தால் முழு டென்ஷனரையும் மாற்ற வேண்டும். ஸ்பிரிங்கைக் கழற்றி நெம்பி இறுக்குவதும், கையை வெல்டிங் வைத்து நிலையாக நிறுத்துவதும் கூடாது. அசையாத டென்ஷனர் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் பேரிங்குகளின் மேல் சுமையை ஏற்றி அவற்றையும் தின்றுவிடும்.

டென்ஷனரும் பெல்ட்டும் ஒரே அளவு கிலோமீட்டர் உழைத்தவை. ஒன்றை மாற்றும்போது மற்றொன்றையும் மாற்றினால் கூலி ஒரு தடவையோடு முடியும். பெல்ட்டைப் பொறுத்தவரை தமிழ்நாட்டுக்காரர்களுக்குத் தட்டுப்பாடு இல்லை. மதுரையில் ஆலை வைத்திருக்கும் ஃபென்னர் முதல் வெளிநாட்டுக் கம்பெனிகள் வரை எல்லா அளவும் கிடைக்கின்றன. டென்ஷனரில்தான் போலிகள் அதிகம் ஏமாற்றும். வெளியே பார்க்க அசல்போலவே இருக்கும். ஸ்பிரிங்கின் பலத்திலும் புஷ்ஷின் தரத்திலும் குறை இருக்கும். பில் போட்டு வாங்குங்கள். பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து, புல்லியின் விட்டம், அகலம், போல்ட் துளைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகு மாட்டச் சொல்லுங்கள். மாட்டிய பின் ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, ஏசி போட்டு, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுக்க ஒடித்து, கையின் அசைவையும் முள்ளின் இடத்தையும் மறுபடி பாருங்கள்.

மலையில் பெல்ட் போய்விட்டால்

முதலில் டாஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரியும். ஸ்டியரிங் கனக்கும். வாட்டர் பம்ப்பும் இதே பெல்ட்டில் ஓடும் வண்டியானால் சில நிமிடங்களில் வெப்பமுள் ஏறும். பேட்டரி விளக்கும் ஸ்டியரிங் கனமும் சேர்ந்து வந்தால் பெல்ட் போய்விட்டது என்றே கொள்ளுங்கள்.

இறக்கத்தில் இப்படி ஆனால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதீர்கள். பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்கம் ஓரிரு மிதிக்குத்தான் வரும். ஒரே மிதியாக அழுத்திப் பிடியுங்கள், கியரைக் குறையுங்கள், கைப்பிரேக்கைப் படிப்படியாக இழுங்கள். வண்டியை மலைச்சுவர்ப் பக்கம் ஒதுக்குங்கள். நகரும்போது சாவியைத் திருப்பி எஞ்சினை அணைக்க வேண்டாம், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளக்கூடும். நின்றபிறகு எஞ்சினை அணைத்து, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, எச்சரிக்கை விளக்கைப் போடுங்கள். சூடாக இருக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. பெல்ட்டின் துணுக்குகள் கிராங்க் புல்லியின் பின்னால் சுற்றியிருக்கின்றனவா என்று பார்த்து, முழுவதும் எடுத்த பிறகே புதுப் பெல்ட் மாட்ட வேண்டும். சில எஞ்சின்களில் அந்த நூல் டைமிங் மூடிக்குள் புகுந்து பெரும் சேதம் செய்யும்.

மலைக்கு அடிக்கடி போகும் வண்டியில் சரியான அளவுப் பெல்ட் ஒன்றும், டென்ஷனரைத் திருப்பும் ஸ்பேனரும் எப்போதும் இருக்கட்டும். மேலே பார்ட்ஸ் கிடைக்கும் என்று நம்ப முடியாது.

காலைக் கீச் சத்தம், துள்ளும் கை, ஆடும் புல்லி, எரியும் பேட்டரி விளக்கு. இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் கச்சிராயபாளையத்தைத் தாண்ட வேண்டாம். கீழேயே பட்டறையில் நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, டென்ஷனரைக் கையால் சோதித்துவிட்டு ஏறுங்கள்.